தங்க வயலின் நுரையீரல்: ஒரு நோய்க்கு மருந்து தேடிய கதை

கே.ஜி.எஃப். என்று சொன்னாலே இப்போதெல்லாம் எல்லோரும் சினிமாவைத்தான் கேட்கிறார்கள். 2018-ல் முதல் பாகம், 2022-ல் இரண்டாம் பாகம். இங்கே டொரொன்டோவில் என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர், உங்கள் ஊரில் நிஜமாகவே ஆளுக்கொரு துப்பாக்கியோடு திரிவார்களா என்று கேட்டார். இல்லை ஐயா, எங்கள் ஊரில் சங்கு ஊதும், ஷிப்ட் மாறும், சாயங்காலம் ஆனால் கால்பந்து ஆடுவார்கள் என்றேன். அவருக்கு ரொம்ப ஏமாற்றம் :-)

இந்தப் பதிவு தங்கத்தைப் பற்றியது அல்ல. தங்கத்தோடு சேர்ந்து வந்த தூசியைப் பற்றியது. அந்தத் தூசி கொடுத்த நோய்க்கு உலகம் முழுக்க என்னென்ன மருந்துகளைச் சோதித்துப் பார்த்தார்கள், அதில் எது நின்றது, எது விழுந்தது என்பதைப் பற்றியது. மருந்துச் சோதனைகளின் புள்ளிவிவரங்களை அலசுவதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். அதனால் சொந்த ஊர் நோயின் கணக்கையும் ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஊரைத் தெரியாதவர்களுக்காக நான்கு வரி. 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி கோலாரில் பெரிய அளவில் சுரங்க வேலையைத் தொடங்கியது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், மைசூர் என்று சுரங்கங்கள். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது. பூமிக்குள் இறங்கிய ஆட்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள், அதிலும் அதிகம் ஆதிதிராவிடர்கள். 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, பிறகு மத்திய அரசிடம் போனது, 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

தங்கம் தனியாகக் கிடைப்பதில்லை. குவார்ட்ஸ் என்கிற வெள்ளைப் பாறைக்குள் இழையாக ஓடுகிறது. குவார்ட்ஸ் என்பது படிக வடிவிலுள்ள சிலிக்கா. அந்தப் பாறையில் துளை போட்டு, வெடி வைத்து, உடைத்து, அள்ளி மேலே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் தூசி. கண்ணுக்குத் தெரிகிற தூசியைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவே உள்ள துகளில்தான் இருக்கிறது. அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அங்கே காவல் காக்கும் செல் அதை விழுங்குகிறது. சாதாரணக் குப்பையாக இருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். சிலிக்காவை விழுங்கிய காவல்காரன் செத்துப்போகிறான், துகள் மறுபடி வெளியே வருகிறது, அடுத்தவன் விழுங்குகிறான். இந்தச் சண்டை நடக்கும் இடமெல்லாம் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த நுரையீரல் விரியாது. இதுதான் சிலிகோசிஸ். தூசியை விட்டு விலகி வந்த பிறகும் உள்ளே போனது போனதுதான். ஓய்வு பெற்று இருபது வருஷம் கழித்துக்கூட நோய் முற்றலாம்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. காசநோய்க் கிருமியை அடக்கி வைப்பதும் அதே காவல் செல்கள்தான். அவை நொண்டியாகிவிட்டால் டி.பி. சுலபமாக உள்ளே வந்துவிடுகிறது. சிலிகோசிஸ் உள்ளவருக்கு டி.பி. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தால் அதற்கு சிலிகோ டி.பி. என்று தனிப் பெயரே இருக்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டையும் பிரித்துச் சொல்வது, பழக்கப்பட்ட கண்ணுக்கும் கஷ்டம்.

இந்தியாவில் சிலிகோசிஸ் முதலில் பதிவானது எங்கள் ஊரில்தான். சில நூல்கள் 1934 என்கின்றன, மருத்துவ மாணவர்கள் படிக்கும் சில பாடப்புத்தகங்கள் 1947 என்கின்றன. எந்த ஆண்டை வைத்தாலும் இடம் ஒன்றுதான், கோலார். 1940-களில் சுரங்க மருத்துவர் கேப்லனும் அவருடைய சகாவும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் அறிகுறி. இதே கேப்லன் பூமிக்கடியில் சூட்டில் சுருண்டு விழுந்தவர்களைப் பற்றியும் தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அடி ஆழத்தில் பாறையின் சூடு அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் வாயைத் திறந்து மூச்சு வாங்கி வேலை செய்கிறவன் எவ்வளவு தூசியை உள்ளே இழுப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, நோயைக் கண்டுபிடித்தாகிவிட்டது. மருந்து?

இங்கேதான் நான் இப்போது வாழும் ஒன்டாரியோ மாகாணம் கதைக்குள் வருகிறது. டொரொன்டோவுக்கு வடக்கே டிம்மின்ஸ் என்று ஒரு தங்கச் சுரங்க நகரம். அங்கே மக்கின்டயர் சுரங்கத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 1930-களின் பிற்பகுதியில் முயல்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலிக்காத் தூசியோடு நுண்ணிய அலுமினியப் பொடியும் சேர்ந்து போனால் நுரையீரலில் தழும்பு குறைகிறது என்று கண்டார்கள். அலுமினியம் சிலிக்காவின் மேல் பூச்சாகப் படிந்துகொள்ளும், விஷம் வெளியே வராது என்பது அவர்கள் விளக்கம். முயலில் நடந்தது மனிதனில் நடக்குமா? அதைச் சரியாகச் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே, 1943-ல், மக்கின்டயர் பொடி என்ற பெயரில் அதைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். உடை மாற்றும் அறையின் கதவைச் சாத்தி, காற்றில் கரும்பொடியைப் பறக்கவிட்டு, ஷிப்டுக்கு முன் சுமார் பத்து நிமிஷம் ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்னார்கள். கனடாவோடு நிற்கவில்லை, மேற்கு ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களுக்கும் போனது. தூசிக்கு மருந்தாக இன்னொரு தூசி!

பிரிட்டனில் பீங்கான் தொழிலாளர்களையும் நிலக்கரித் தொழிலாளர்களையும் வைத்து இதை முறையாகச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு அலுமினியப் பொடி, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பகுதியினர். 1956-ல் முடிவு வெளியானது. இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை, பொடியால் பயன் இல்லை. அதற்குப் பிறகாவது நிறுத்தினார்களா என்றால், ஒன்டாரியோவில் நிறுத்தியது 1979-ல். இடையில் இருபத்து மூன்று வருஷம்! ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்த பிறகும் அது ஏன் ஓடுகிறது? காரணம் எளிது. பொடி மலிவு. காற்றோட்டத்தைச் சீர்படுத்துவது செலவு. "உனக்காக ஏதோ செய்கிறோம்" என்று தொழிலாளியிடம் காட்டவும் பொடி உதவியது. பல வருஷம் கழித்து, ஒரு தொழிலாளியின் மகள் தன் அப்பாவின் நடுக்குவாத நோயைப் பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். 2020-ல் வந்த ஆய்வு, பொடியைச் சுவாசித்த சுரங்கத் தொழிலாளர்களிடையே பார்க்கின்சன் நோய் அதிகம் என்று காட்டியது. 2022-ல் ஒன்டாரியோ அதைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது.

இந்தக் கதையைப் படித்த பிறகுதான் என் தொழிலின் மேல் எனக்கு மரியாதை கூடியது என்று சொல்வேன். சோதனை என்றால் மனிதனை எலியாக்குவது என்று நம் ஊரில் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சோதிக்காமல் ஊருக்கே கொடுப்பதுதான் பெரிய சோதனை. அதில் கணக்கு எழுத ஆள் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒழுங்கான சோதனை எப்படி இருக்கும்? 1948-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையைச் சொல்வார்கள். டி.பி. நோயாளிகள் 107 பேர். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை, சீட்டுக் குலுக்குவது போன்ற முறை தீர்மானித்தது. ஆறு மாதத்தில் மருந்து எடுத்த 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், மற்ற 52 பேரில் 14 பேர். "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நல்லாச்சு" என்ற பேச்சுக்கு இதில் இடம் கிடையாது.

அடுத்த பெரிய சோதனை நம் சென்னையில் நடந்தது. எத்தனை பேருக்கு இது தெரியும்? 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தியல் மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்தது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் வழிநடத்தினார். கேள்வி ஒன்றுதான்: டி.பி. நோயாளியை சானடோரியத்தில் வைத்தே ஆகவேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா? 193 ஏழை நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, காற்று, ஓய்வோடு. பாதிப் பேர் நெருக்கடியான வீடுகளில், அரைகுறைச் சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டு. இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேரும் வீட்டில் 86 சதவீதம் பேரும் குணமானார்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. வீட்டில் இருந்தவர்களுக்கும் அதிகமாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சோதனை ஒரு முக்கியக் காரணம்.

இந்த மையம்தான் பிறகு காசநோய் ஆராய்ச்சி மையம் ஆனது. ஹாங்காங் மார்பு நோய்த் துறையோடும் பிரிட்டிஷ் குழுவோடும் சேர்ந்து, சிலிகோசிஸ் நோயாளிகளுக்கென்றே இரண்டு சோதனைகளை நடத்தியது. நோயாளிகள் ஹாங்காங் தொழிலாளர்கள். ஆனால் அந்த இரண்டு கட்டுரைகளையும் படிக்கும்போது எனக்குச் சாம்பியன் ரீஃப் லைன் வீடுகள்தான் கண்ணில் வந்தன.

முதலாவது 1991-ல் வெளியானது. சிலிகோ டி.பி. உள்ளவர்களுக்கு ஆறு மாதச் சிகிச்சை போதுமா, எட்டு மாதம் வேண்டுமா? மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்ததில், ஆறு மாதம் எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு டி.பி. திரும்பி வந்தது. எட்டு மாதம் எடுத்தவர்களில் 7 சதவீதம். சாதாரண டி.பி.க்கு ஆறு மாதம் நன்றாகவே வேலை செய்கிறது. தழும்பு விழுந்த நுரையீரலுக்கு அது பத்தவில்லை. இரண்டு மாத மாத்திரையில் இவ்வளவு வித்தியாசம்.

இரண்டாவது 1992-ல். சிலிகோசிஸ் இருக்கிறது, டி.பி. இன்னும் வரவில்லை. முன்கூட்டியே மருந்து கொடுத்தால் தடுக்கலாமா? 679 பேர். மூன்று பிரிவினருக்கு மூன்று விதமான மருந்து முறை, நான்காவது பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஐந்து வருஷத்தில் மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு டி.பி. மருந்து எடுத்தவர்களில் 13 சதவீதம். பாதியாகக் குறைந்தது, நல்ல செய்திதான். ஆனால் மருந்து எடுத்தும் எட்டில் ஒருவருக்கு வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 2006 முதல் 2011 வரை திபெலா என்ற பெரிய சோதனை நடந்தது. தொற்று இருக்கிறதோ இல்லையோ, சுரங்கத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒன்பது மாதம் ஐசோனியாசிட் கொடுத்தால் சுரங்கத்திலிருந்தே டி.பி.யை விரட்டலாமா என்று பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. மாத்திரை எடுக்கும்வரை பாதுகாப்பு இருந்தது. நிறுத்தியதும் போய்விட்டது. மொத்தத்தில் சுரங்கங்களின் டி.பி. குறையவில்லை. தூசி அங்கேயே இருந்தது, மாத்திரை மட்டும் போனது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இதெல்லாம் டி.பி. கணக்கு. சிலிகோசிஸுக்கே மருந்து உண்டா? சீனாவில் டெட்ரான்ட்ரின் என்ற மூலிகைச் சத்தைப் பயன்படுத்தினார்கள். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலையே உப்புநீரால் கழுவிப் பார்த்தார்கள். இப்போது நின்டெடனிப் போன்ற, தழும்பு பரவுவதை மெதுவாக்கும் மருந்துகளைச் சோதிக்கிறார்கள். விழுந்த தழும்பை அழிக்கும் மருந்து இதுவரை ஒன்றும் இல்லை. முற்றிய நிலையில் மாற்று நுரையீரல் ஒன்றுதான் வழி. லைன் வீட்டுக்காரனுக்கு அது எட்டாத கனி.

ஆனால் தடுக்கும் வழி நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரியும். துளைக்கருவியின் நடுவே தண்ணீர் பாய்ச்சினால் தூசி பறக்காது. அந்த மாதிரிக் கருவியை 1890-களிலேயே அமெரிக்காவில் லேனர் என்பவர் செய்துவிட்டார். தண்ணீர் இல்லாத பழைய கருவிக்கு அங்கே தொழிலாளர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் "விதவையாக்கி". தண்ணீர், காற்றோட்டம், வெடி வைத்த பிறகு தூசி அடங்கும்வரை காத்திருப்பது, இவற்றுக்குச் சீட்டுக் குலுக்கிச் சோதனை எதுவும் தேவைப்படவில்லை.

அப்படியானால் இந்தச் சோதனைக் கணக்கெல்லாம் இப்போது யாருக்கு? சுரங்கம்தான் மூடியாகிவிட்டதே என்று கேட்கலாம்.

என் தாத்தா பூமிக்கடியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். கடைசிக் காலத்தில் தெருமுனைக் கடைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவார். அவருடைய சீட்டுகளில் எல்லாம் டி.பி. என்றுதான் எழுதியிருந்தது. எந்தச் சீட்டிலும் அவர் என்ன வேலை செய்தார் என்ற கேள்வியே இல்லை. இது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததாக நான் நினைக்கவில்லை. டி.பி. என்று எழுதினால் அது கிருமியின் குற்றம், ஏழ்மையின் குற்றம். சிலிகோசிஸ் என்று எழுதினால் அது வேலையின் குற்றம், இழப்பீடு கொடுக்க வேண்டிய நோய். ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் பணம் அடங்கியிருந்தது.

தென்னாப்பிரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? சிலிகோசிஸ் வந்த முன்னாள் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019-ல் ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றம் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஐந்து பில்லியன் ராண்ட் நிதி. இறந்தவர்களின் குடும்பங்களும் கேட்கலாம், பக்கத்து நாடுகளுக்குத் திரும்பிப் போனவர்களும் கேட்கலாம். அதற்கு அடிப்படை என்ன? வேலை செய்ததற்கான பதிவும் எக்ஸ்ரேயும். இந்த இரண்டும் இல்லாதவனுக்கு எந்த நீதிமன்றமும் ஒன்றும் செய்ய முடியாது.

எனவே, ஊரில் முன்னாள் சுரங்கத் தொழிலாளிகள் இருக்கும் வீடுகளைச் சேர்ந்த நண்பர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை, கணக்குப் பார்ப்பவன்தான். ஆனாலும் மேலே சொன்ன சோதனைகளிலிருந்து நேராக வருவது இது.

ஒன்று, அப்பாவையோ தாத்தாவையோ மூச்சிளைப்புக்காக எந்த மருத்துவரிடம் கூட்டிப்போனாலும், அவர் கேட்காவிட்டாலும், "இவர் இத்தனை வருஷம் பூமிக்கடியில் வேலை செய்தவர், பாறையில் துளை போட்டவர்" என்று நீங்களே சொல்லுங்கள். சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு, டி.பி. என்று சொன்னால் சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்ததா என்று கேளுங்கள். கிருமி இருந்தால் மருந்தைக் கட்டாயம் முழுசாக எடுக்க வேண்டும். சிலிகோசிஸும் கூட இருந்தால், ஆறு மாதம் போதுமா, நீட்டிக்க வேண்டுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். அந்த 22-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வீட்டு ஆளாக இருக்கலாம்.

மூன்று, பழைய எக்ஸ்ரே, சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எதையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். சுருட்டி டிரங்குப் பெட்டியில் வையுங்கள்.

2001-க்குப் பிறகு சுரங்க வேலை இல்லை. ஆனால் அங்கே இறங்கியவர்களின் நுரையீரலில் தூசி அப்படியே இருக்கிறது. அவர்களில் பலர் இன்றும் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நடக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒருமுறை ஒழுங்கான எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்து எழுதி வைக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ஒரு வண்டி, ஒரு எக்ஸ்ரே இயந்திரம், நோட்டோடு உட்கார ஓர் ஆள் போதும். இதைச் செய்ய முன்வரும் மருத்துவ நண்பர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.